ஏழாம் பக்கத்தில் ஆறு

பேரவைக் கூட்டத்தொடர் முடிந்த நான்காம் நாள்
பதினோரு பக்கம் அச்சடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.
பள்ளிகொண்டா தாண்டிப் பாலாற்றில் இறங்கினால்
அக்கரையில் இந்த ஊர்.
பாலம் இல்லை. அன்றைக்குத் தண்ணீரும் இல்லை.
கார் மணலிலேயே வந்து சேர்ந்தது.

சமுதாயக் கூடத்தில் ஒரே மின்விசிறி,
யார் மேலும் படாமல் சுற்றியது.
புரட்டாசி பிறந்தும் வெயில்
ராஜினாமா செய்திருக்கவில்லை.

முதலில் டெல்லியைச் சொன்னேன்.
டெல்லி தூரம், கைதட்டல் சுலபம்.
தொகுதிகளை மறுபடி அளக்கிறார்களாம்,
பிள்ளை குறைவாய்ப் பெற்ற குற்றத்துக்கு
நம் நாற்காலிகள் குறையலாம் என்றேன்.
நூறுநாள் வேலைக் கூலி எங்கே நிற்கிறது என்று
வடக்கே விரலைக் காட்டினேன்.
விரல் காட்டுவது எனக்கு நன்றாக வரும்.

முன்வரிசையில் ஓய்வுபெற்ற ஹவில்தார் பொன்னுரங்கம்.
இரண்டு மகன்கள் பனிமலையில் காவல்.
எல்லையைப் பற்றி நான் படித்ததையெல்லாம்
கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்:
"அதெல்லாம் பையன் போன்ல சொல்லிட்டாம்மா.
நீங்க ஆத்தப் பத்தி சொல்லுங்க."

ஆறு ஏழாம் பக்கத்தில் இருந்தது.

நட்சத்திரக் கேள்வி, எண் இருநூற்றுப் பதினாறு.
பாலம் கேட்டேன்.
தோல்கழிவு இறங்கிய கிணறுகளைக் கேட்டேன்.
பீடி சுற்றி ரேகை தேய்ந்த விரல்களை
ரேஷன் கடை மெஷின் ஆளே இல்லை என்கிறதே,
அதையும் துணைக்கேள்வியாகக் கேட்டேன்.
அமைச்சர் எழுந்தார், கண்ணாடியைச் சரிசெய்தார்,
மூன்றுக்கும் சேர்த்து ஒரு பதில் சொன்னார்:
ஆவன செய்யப்படும்.

தேர்தலுக்கு முன்பு நான் தமிழ் டீச்சர்.
இதே வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.
செயப்பாட்டுவினை, எதிர்காலம்.
வினைமுதல் எங்கே என்று கேட்பேன்.
"மறைஞ்சிருக்கார் டீச்சர்" என்பாள் ஒருத்தி.
அவளுக்கு முழு மதிப்பெண் போடுவேன்.

அதை வாசிக்க வாய் திறந்தபோது
கடைசி பெஞ்சில் முபீனாவைப் பார்த்தேன்.
மடியில் முறம், இலை, தூள்.
விரல்கள் நிற்கவில்லை. ஆயிரத்துக்கு
இன்னும் நூற்றிருபது பாக்கி இருந்திருக்கும்.

பக்கத்தை மடித்தேன்.
"பாலம் இந்த வருஷம் வராது" என்றேன்.
"அடுத்த வருஷம் எனக்குத் தெரியாது.
ஃபைல் நிதித்துறையில் படுத்திருக்கு."
ஒன்றியச் செயலாளர் எனக்குப் பின்னால் இருமினார்.

கத்துவார்கள் என்று காத்திருந்தேன்.
யாரும் கத்தவில்லை. முபீனாதான்,
நூலைக் கட்டிக்கொண்டே:
"இத சித்திரையிலயே சொல்லியிருந்தா இன்னாமா?
அப்ப ஆத்துல ஈரமே கெடையாது.
கொழா போட்டு மண்ணு கொட்டி
நாங்களே ஒரு வழி பண்ணிகினு இருப்போம்.
நீங்க வருது வருதுன்னு சொல்லிகினு இருந்தீங்க,
நாங்களும் சும்மா இருந்துட்டோம்.
கார்த்திகையில எம் மருமவளுக்குப் பிரசவம்."

அதற்கு என்னிடம் பக்கம் இல்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
ஜெயசீலன் வந்த தடத்திலேயே வண்டியை விட்டான்.
மேற்கே, ஆந்திர மலைப் பக்கம்,
சத்தமில்லாமல் மின்னியது.
நடு ஆற்றில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
கரையிலிருந்து கரைக்கு நடந்து எண்ணினேன்.
ஹெட்லைட் வெளிச்சம் தீர்ந்த பிறகும் எண்ணினேன்.

எத்தனை குழாய், எத்தனை டிராக்டர் மண்,
தொகுதி நிதியில் மிச்சம் எவ்வளவு.
அறிக்கையின் பின்பக்கங்கள் காலியாகத்தான் இருந்தன.
பானட்டில் வைத்துக் கணக்குப் போட்டேன்.
ஒரு தொகை மட்டும் வரவில்லை:
கார்த்திகையில் எத்தனாம் தேதி?
கேட்காமல் வந்துவிட்டேன்.

"வண்டியைத் திருப்புப்பா" என்றேன்.